கரையிலிருந்து மூன்றாவது வரிசை

கூலிக்கு வெட்ட வந்த சந்தியாப்பிள்ளை குழிக்குள் நின்றபடியே கையை உயர்த்தி நீட்டினான். உள்ளங்கையில் ஈர மண்ணோடு ஒரு பொத்தான். வாங்கி விரலால் துடைத்தேன். பித்தளை. நடுவில் சின்னதாக ஒரு நங்கூரம் பொறித்திருந்தது.

"வேறை என்ன கிடக்கு?" என்று கேட்டேன்.

"இன்னும் பொத்தான் கிடக்கு அக்கா. ஒண்டுக்குக் கீழ ஒண்டா, வரிசையாக் கிடக்கு." அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அது எங்கள் அம்மாவின் குழி. அப்படி நம்பித்தான் வருஷா வருஷம் அதற்குச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரி கொளுத்தி, முழங்காலில் நின்று அழுதோம். அம்மாவை அடக்கம் செய்தபோது அவளுக்கு ஒரு வெள்ளைச் சீலை உடுத்திவிட்டிருந்தோம். கையில் செபமாலை. நங்கூரப் பொத்தான் வைத்த கோட்டு ஒன்றை அவள் பிறத்தியார் உடம்பில்தான் பார்த்திருப்பாள்.

குழியின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் என் அண்ணை மரியான் இருந்தார். சீனி வருத்தம் அவருடைய கண் இரண்டையும் எப்போதோ தின்றுவிட்டது. மடியில் ஒரு புதுத் துவாய். அம்மாவின் எலும்புகளை அதில்தான் சுற்ற வேண்டும் என்று விடியவே எழும்பி மடித்து எடுத்து வைத்தவர்.

"என்னடி றோஸி, சத்தத்தைக் காணேல்லை? அம்மா வந்திட்டாவோ?" என்று கேட்டார்.

பொத்தானைக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

துறை என்று மட்டும் எழுதுகிறேன்

இந்தத் தொடரில் இதுவரை திருகோணமலை நகரத்தையும், நான் தட்டெழுத்தாளராகக் குப்பை கொட்டிய கந்தோரையும் பற்றியே அளந்துகொண்டிருந்தேன். "உங்கட சொந்த ஊரைப்பற்றி ஏன் ஒரு சொல்லும் இல்லை?" என்று ஒரு வாசகர் போனில் கேட்டார். கேட்டது நியாயம்தான். எழுதினால் வயிறு எரியும் என்றுதான் தள்ளிப்போட்டேன்.

ஊரின் பெயரை இப்போதும் எழுதப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற இடத்தில், ஆற்றோரமாக ஒரு பழைய துறை. அவ்வளவு போதும்.

பழையது என்றால் சும்மா பழையது இல்லை. கண்டி இராசாவின் காலத்தில் மலைநாட்டுச் சாமான்கள் இந்தப் பக்கத்தால்தான் கடலுக்கு இறங்கியதாம். ஒல்லாந்தர் வந்து குடாவோரம் கோட்டை கட்டினார்கள். பாய்மரம் முறிந்து ஒதுங்கிய ஒரு வெள்ளைக்காரக் கப்பலின் ஆட்களை இராசாவின் சேவகர்கள் பிடித்து மலைக்குக் கொண்டுபோனதும் இந்தக் குடாவில்தான். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் படிப்பிக்கும்போது, பெரிய ஊர்க்காரி மாதிரி நான் நிமிர்ந்து இருப்பேன்.

என் சின்ன வயதில் அந்தத் துறையில் இல்லாத சனம் இல்லை. நாங்கள் கத்தோலிக்க வேதக்காரர், படகுக்காரர். ஆற்றுக்கு மேற்பக்கம் சைவச் சனம், வயல்காரர். பள்ளிவாசலைச் சுற்றி முஸ்லிம்கள்; யாவாரமும் விறகுத் தோணியும் அவர்கள் கையில். கோடை பிறந்தால் மேற்குக் கரையிலிருந்து சிங்கள மீனவர்கள் குடும்பத்தோடு வந்து வாடி என்கிற ஓலைக் கொட்டில் போடுவார்கள். தச்சுவேலை செய்த பறங்கி வீடு ஒன்று. தேத்தண்ணிக் கடை வைத்திருந்த மலையாளத்தான் ஒருவன். அவன் கடை வாங்குப் பலகையில் இருந்தால் நாலு பாஷையும் காதில் விழும், தூஷணமும் நாலு பாஷையிலும் விழும்.

அம்மா துறையில் இடியப்பமும் மீன் சொதியும் விற்றாள். அக்கரைக்குப் போவதென்றால் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். பாதை என்பது பஸ்ஸையும் லொறியையும் மாட்டையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றி, கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிற பெரிய தட்டை மிதவை. காத்திருக்கிறவர்களுக்குப் பசிக்கும். அந்தப் பசியில்தான் நாங்கள் வளர்ந்தோம். அண்ணை பெரியவரானதும் அந்தப் பாதையிலேயே கம்பி இழுக்கப் போனார்.

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். பறங்கி வீடு அவுஸ்திரேலியாவுக்குப் போனது. மலையாளத்தான் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்றான், வரவில்லை. கலவரத்தோடு வாடிக்காரர் வருவதை நிறுத்தினார்கள். சண்டை வந்தபோது நாங்கள் ஓடினோம், திரும்பினோம், மறுபடி ஓடினோம். முஸ்லிம்களும் ஒருமுறை உடுத்த உடுப்போடு ஓடினார்கள். ஒரு ஊரிலிருந்து எத்தனை தரம்தான் ஓடுவது! கடைசியில் ஓடுவதற்கே ஆள் இல்லாமல் போயிற்று.

எல்லாம் முடிந்தபிறகு பாலம் கட்டினார்கள். நல்ல பாலம், குறை சொல்ல ஏலாது. திருகோணமலையிலிருந்து ஏறினால் தேத்தண்ணி ஆறுவதற்குள் அக்கரை. அதுதான் வினை. பாதை நின்றது. பாதை நின்றதும் காத்திருப்பு நின்றது. காத்திருக்க ஆளில்லாத துறையில் யாருக்கு என்ன விற்பது? இப்போது பஸ் எங்கள் ஊரைத் தாண்டும்போது வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை.

படகில் வந்த பிரேதங்கள்

எங்கள் சேமக்காலையைப் பற்றிச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். வேதக்காரரின் இடுகாட்டைத்தான் நாங்கள் சேமக்காலை என்கிறோம்.

அதற்கு வீதிப் பக்கம் வாசல் கிடையாது. வாசல் ஆற்றுப் பக்கம். கருங்கல் படி இறங்கித் தண்ணீரைத் தொடும். பிரேதம் எதுவானாலும் படகில்தான் வர வேண்டும். சேமக்காலைக்கு அடுத்த வீட்டில் செத்தாலும், பெட்டியைத் துறைக்குச் சுமந்து, படகில் ஏற்றி, நாலு துடுப்புப் போட்டு, அந்தப் படியில்தான் இறக்குவோம். "கங்கையால வந்த சனம், கங்கையாலதான் உள்ளுக்குப் போகவேணும்" என்பார்கள். ஒருமுறை புதிதாக வந்த சுவாமியார் இது வீண் வேலை என்று ஒரு பெட்டியை வேலிப்பக்கமாகக் கொண்டுபோகச் சொன்னார். தூக்கினவர்கள் பெட்டியை நடுவழியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சுவாமியார்தான் இறங்கி வந்தார்.

வாசல் ஆற்றுப் பக்கம் என்பதால் வரிசைகளையும் ஆற்றிலிருந்துதான் எண்ணுவோம். தண்ணீரோரம் முதலாவது வரிசை. அது ஊர்பேர் தெரியாமல் ஆற்றில் மிதந்து வந்த பிரேதங்களுக்கு. அடுத்தது மூட்டை தூக்கினவர்களுக்கு. மூன்றாவது எங்கள் படகுக்காரருக்கு. அதற்குப் பின்னால் கடைக்காரர். நிலம் உயர உயர ஆட்களும் உயர்ந்தவர்கள். சுங்கக் கந்தோர் உத்தியோகத்தர்கள் வெள்ளம் ஏறாத மேட்டில். வீதியோரம், சலவைக்கல்லுக்குக் கீழே, வெள்ளைக்காரர்.

செத்தும் சனம் அவரவர் இடத்தில்தான் இருந்தது. அம்மா மூன்றாவது வரிசையில் தெற்குத் தொங்கலில், கடைசி ஆளாக, வேலியோடு. அண்ணைதான் அவளைப் படகில் கொண்டுவந்து இறக்கினார். மழைக்காலம் அது. குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததும், பெட்டி இறங்காமல் மிதக்கப் பார்த்ததும், அண்ணை குழிக்குள் குதித்துத் தன் பாரத்தால் அதை அமத்திப் பிடித்ததும் எனக்கு நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது. மேலே ஏறி வந்தவர் சொன்னார், "அம்மா, பயப்பிடாதை, நானும் இதுக்குள்ளதான் வருவன்."

எங்களிடம் அது வழக்கம். ஒரு குழிக்குள் குடும்பத்தில் இன்னொருவரையும் வைப்போம். அவர் கலியாணம் முடிக்கவில்லை. அந்தக் குழியில்தான் அவருக்கு இடம். அதை அவர் ஒருநாளும் மறக்கவில்லை.

திரும்பி வந்தபோது

கடைசி இடப்பெயர்வுக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது சேமக்காலையில் ஒரு சிலுவை நிமிர்ந்து நிற்கவில்லை. மரச்சிலுவைகள் யாருடையவோ அடுப்புக்குப் போயிருந்தன. சலவைக்கற்களையும் யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மேட்டுப் பக்கம் ஒரே பற்றைக்காடு. உள்ளே கண்ணிவெடி ஏதும் புதைத்திருக்குமோ என்ற பயத்தில் ஒருவரும் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

மண்ணில் சின்னச் சின்ன மேடுகள் மட்டும் தெரிந்தன. ஆனால் எங்களுக்கென்ன, எண்ணத் தெரியாதா? எல்லாரும் ஆற்றங்கரையில் போய் நின்றோம். எங்கள் வீட்டு ஆட்கள், என் சின்ன வயதுச் சிநேகிதி பிலோமினா வீட்டு ஆட்கள், இன்னும் நகரத்திலும் சாம்பல்தீவிலும் சிதறியிருந்த துறைக்காரர் எல்லாரும். கரையிலிருந்து எண்ணினோம். மூன்றாவது வரிசை. அவரவர் குழியைக் கண்டுபிடித்தோம், கட்டிப்பிடித்து அழுதோம், சுண்ணாம்பு வாளியோடு வேலையைத் தொடங்கினோம். ஊரில் குடியிருக்க எங்கள் சனத்தில் ஒருவருமில்லை. கார்த்திகையில் ஆத்துமாக்களின் திருநாளன்று மாத்திரம் மெழுகுதிரியும் பூவுமாக ஊர் நிறைந்து கிடக்கும்.

ஆறு கரையை அரிக்கத்தான் செய்தது. ஒவ்வொரு மாரிக்கும் ஒரு துண்டு விழும். போன வருஷம் பெரிய துண்டொன்று விழுந்ததும், எங்கள் சுவாமியார் நகரத்துக் கோயிலில் அறிவித்தார்: விரும்புகிறவர்கள் தங்கள் உறவினரின் எலும்புகளை எடுத்து நகரத்துச் சேமக்காலையில் அடக்கம் செய்யலாம், அடுத்த மழைக்கு முதல் செய்யுங்கள் என்று.

பிலோமினாதான் முதல் ஆள். தாயின் எலும்புகளைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து, நகரத்தில் அடக்கம் செய்து, மேலே பளபளவென்று கறுப்புக் கல் பதித்தாள். வேறும் நாலைந்து குடும்பங்கள் எடுத்தன. அண்ணைக்கு அப்போது சிறுநீரகமும் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். நாள் எண்ணுகிற உடம்பு என்று அவருக்கே தெரியும்.

"அம்மாவை எடுத்துத் தந்திடு றோஸி. பிறகு என்னை அவவோட வை. வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்" என்றார்.

அதுதான் அன்றைக்கு அந்தக் குழியடியில் நின்றோம்.

படி எங்கே?

"றோஸி, கையில என்ன வைச்சிருக்கிறாய்? தா இங்க."

கண் தெரியாதவரிடம் எதை ஒளிப்பது? கொடுத்தேன். அவர் பெருவிரலால் பொத்தானைத் தடவினார். நங்கூரத்தைத் திரும்பத் திரும்பத் தடவினார்.

"இது சுங்கக் கந்தோர்க்காரற்ற கோட்டுப் பொத்தான்" என்றார். "இது எங்கட வரிசையில எப்பிடி வந்தது? அவையள் மேட்டிலயெல்லோ கிடந்தவை."

எங்களைக் கூட்டிவந்த நசீர் காக்கா ஓட்டோவில் சாய்ந்து நின்றார். அவர் துறையில் பிறந்து, ஓடி, திரும்பி வந்து, இன்னும் பள்ளிவாசலடியில் இருக்கிறவர். ஒரு காலத்தில் அண்ணையோடு பாதைக் கம்பி இழுத்தவர். இப்போது ஓட்டோவும் ஓடுவார், படகும் ஓடுவார்.

"நசீர்" என்று அண்ணை கூப்பிட்டார். "கருங்கல் படி எங்க கிடக்கு?"

"எந்தப் படி?"

"பிரேதம் இறக்கிற படியடாப்பா."

நசீர் காக்கா ஆற்றைப் பார்த்துக் கையை நீட்டினார். பிறகு அண்ணைக்குக் கண் தெரியாது என்று நினைவு வந்து கையை இறக்கினார். "அது நடு ஆத்தில கிடக்கு, மரியான். கோடைக்குத் தண்ணி வத்தினாக் கொஞ்சம் தெரியும். நான் வலை சிக்காமப் பாத்துத்தான் படகு ஓட்டுற."

பக்கத்தில் கிடந்த உரப்பையின் மேல் அப்படியே இருந்துவிட்டேன்.

படி நடு ஆற்றில் கிடப்பது எனக்கும் தெரியும். பிலோமினாவுக்கும் தெரியும். கோடையில் எத்தனை தரம் பார்த்து, "ஐயோ, எங்கட படி" என்று வாயில் கை வைத்திருக்கிறோம். ஆனாலும் கரையில் போய் நின்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினோம். ஆறு தன் இடத்திலேயே நிற்கும் என்று நம்பின மடைச் சனம் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா? ஊருக்கே ஒரே நேரத்தில் மூளை கழன்று போயிருக்கிறது.

மூன்றாவது வரிசை எப்போதோ போய்விட்டது. அம்மா போய்விட்டாள். நாங்கள் சுண்ணாம்பு வாளியோடு முதன்முதல் வந்து நின்றபோதே அவள் அங்கே இல்லை. ஆறும் ஏழைகளிடமிருந்துதான் தொடங்கியிருக்கிறது.

அம்மா அந்தக் கந்தோருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவாள். உள்ளே வரவிடமாட்டார்கள். படியில் வைத்துவிட்டு எட்டி நிற்க வேண்டும். அந்தக் கோட்டுக்காரர்களில் ஒருவனுக்குத்தான் இத்தனை வருஷமும் முழங்காலில் நின்று அழுதேன். அவன் என்ன செய்வான், பாவம். அவனுக்கென்று அழ யாரும் மிஞ்சவில்லை. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் பாவம் பார்க்க வரவில்லை. பொத்தானைப் பறித்து ஆற்றில் வீச வேண்டும் போல இருந்தது.

அண்ணை அதைச் சந்தியாப்பிள்ளையிடம் நீட்டினார். "எடுத்த இடத்தில வைச்சு மூடு, தம்பி."

துவாயை மறுபடியும் மடித்தார். ஓட்டோவில் ஏறினார்.

அடுத்த ஞாயிறு சுவாமியாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மற்றக் குடும்பங்களும் அப்ப..." என்றார்.

"ஓம் சுவாமி. அவையளும்தான்."

"இதை அவையளுக்குச் சொல்ல வேண்டாம் அம்மா. இப்பதான் கொஞ்சம் ஆறுதலா இருக்கினம்."

வெளியே வந்தால் பிலோமினா நிற்கிறாள். கறுப்புக் கல்லைத் துடைத்துப் பூ வைத்துவிட்டு வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா பக்கத்தில வந்தாப்பிறகுதான் எனக்கு நித்திரை வருது றோஸி" என்றாள். "ஓமடி" என்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

ஊரின் பெயரை ஏன் மறைத்தேன் என்று இப்போது விளங்கியிருக்கும்.

முதலாவது வரிசை

சில கிழமைகள் அண்ணை அம்மாவின் பேச்சையே எடுக்கவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரியால் வந்து, குசினிக்குள் கதிரையில் இருந்தவர், பிளேன்ரீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"என்னை முதலாவது வரிசையில வை."

"எந்த முதலாவது?"

"இப்ப எது கரையோ, அந்தக் கரையில. தண்ணிக்குக் கிட்ட."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "விசர்க் கதை கதையாதைங்கோ. அடுத்த மாரிக்கு ஆறு கொண்டுபோயிடும்."

"ஓம். அதுக்குத்தான்."

"அண்ணை!"

"அம்மாவை எடுக்க ஏலாமப் போச்சு. நான் போறன். அவ போன வழியால நான் போறன். சொன்னனானெல்லே, நானும் வருவன் எண்டு."

"அப்ப நான்? நான் எங்க வந்து மெழுகுதிரி கொளுத்திறது? உங்களுக்கு அம்மா. எனக்கு ஆர் இருக்கினம்?"

அவர் கையை நீட்டி என் தலையைத் தேடினார். நான் எட்டி நின்றுகொண்டேன். பிறகு மனம் கேட்காமல் கிட்டப் போய் நின்றேன்.

ஆவணி வெயிலில் அவர் போய்விட்டார். காலையில் தேத்தண்ணியில் பாண் தொட்டுச் சாப்பிட்டவர், மத்தியானத்துக்கு இல்லை.

சுவாமியார் சம்மதிக்கமாட்டார் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். அவர் மறுத்தால், என்ன செய்ய, விடவில்லை என்று சொல்லி நகரத்தில் எனக்குக் கிட்ட வைத்திருப்பேன். அவர் மறுக்கவில்லை. அங்கே யார் இருக்கிறார்கள் ஆட்சேபம் சொல்ல? செத்துப்போன ஊரில் எதைச் செய்தாலும் கேட்பதற்கு ஆளில்லை.

நசீர் காக்கா தன் படகைக் கழுவி, பாய் விரித்துக் கொண்டுவந்தார். துறையிலிருந்து பெட்டியை ஏற்றினோம். எஞ்சினைப் போடாமல் துடுப்புத்தான் போட்டார். அண்ணையைக் கரையோரம் வைத்தோம். சந்தியாப்பிள்ளை வெட்டும்போதே குழிக்குள் தண்ணீர் ஊறியது.

இதை எழுதும்போது மழை தொடங்கிவிட்டது. மேலே மலைநாட்டிலும் நல்ல மழை என்று செய்தியில் சொன்னார்கள். நேற்றுப் பின்னேரம் நசீர் காக்கா போன் எடுத்தார்.

"தங்கச்சி, தண்ணி கூடிட்டுது. மரியான்ட தலைமாட்டில கொஞ்சம் மண் விழுந்திட்டு. நான் எங்கட பொடியன்மாரக் கூட்டி வந்து நிக்கிறன். மண்மூட்டை அடுக்கினா இந்த மாரிக்குத் தாங்கும். நீங்க ஒரு சொல் சொல்லுங்க, இப்பவே அடுக்கிறம்."

போனுக்குள்ளால் மழைச் சத்தம் கேட்டது. அவருடைய பொடியன்மார் ஏதோ கத்திக் கதைப்பதும் கேட்டது.

"வேண்டாம் காக்கா" என்றேன்.

"வேணாமா?"

"ஓம். வேண்டாம். நனையாம வீட்ட போங்கோ."

அவர் வைத்துவிட்டார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "அடுக்குங்கோ காக்கா, அடுக்குங்கோ, அடுக்குங்கோ" என்று வெறும் சுவரைப் பார்த்துக் கத்தினேன்.